நிரல் தன் இருப்பிடம் அறிதல்

சுங்கைப் பட்டாணிப் பேருந்து நிலையத்தில் நிற்பவரை, "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் இருவகை விடை கூறலாம். நிற்குமிடம் சுங்கைப் பட்டாணி. குடியிருப்பது பீடோங்கை அடுத்த தோட்டத்து லயம். கணினி நிரலுக்கும் இவ்வாறு ஈரிடம் உண்டு. அதன் கோப்பு வைக்கப்பட்டுள்ள கோப்புறை ஒன்று. இயங்கும்போது அது நின்று வேலை செய்யும் நடப்புக் கோப்புறை மற்றொன்று.

இவ்வேறுபாட்டை நான் பிழை செய்தே கற்றேன். மாணவர் புள்ளிப் பட்டியலின் பழைய படிகளை அழித்துப் புதியதை வைக்க, என் விரலியில் (பென் டிரைவில்) ஒரு பேட்ச் கோப்பு எழுதியிருந்தேன். கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறந்தால் ஈரிடமும் ஒன்றாகவே அமையும். ஆகவே மூன்று தவணை குறையொன்றும் தெரியவில்லை. ஒருநாள் கட்டளைச் சாளரத்தில், மற்றோர் ஆசிரியரின் கோப்புறையில் நின்றுகொண்டு அதனை அழைத்தேன். அவருடைய ஓராண்டுப் பட்டியல் அழிந்தது. கட்டளையால் அழிந்தவை குப்பைத் தொட்டிக்கும் செல்வதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முகவரியை நிரலுக்குள் எழுதிவைத்தால் என்ன எனலாம். அவ்விரலிக்கு வீட்டுக் கணினி ஈ என்றும் பள்ளிக் கணினி எஃப் என்றும் எழுத்து வழங்குகின்றன. எழுதிய முகவரி நிலைக்காது. நிரலே தன் இருப்பிடத்தை அறிதல் வேண்டும்.

பைத்தான் மொழியில் இதற்கு ஆயத்தமான மாறி உண்டு. பேட்ச் மொழி வறியது. ஆயினும் ஒரு வழி வைத்திருக்கிறது. அழைப்புடன் தரப்படும் சொற்களை அது 1, 2 என எண்ணுகிறது. சுழியம், அழைக்கப்பட்ட நிரலையே குறிக்கும். டாஸ் காலத்தில் அது நாம் தட்டிய பெயரை அப்படியே திருப்பித் தந்தது. விண்டோஸ் 2000-த்திலோ முழு முகவரியையும் பெறலாம். விழுக்காட்டுக் குறி, அலைக்குறி, டி, பி, சுழியம் என இடைவெளியின்றி எழுதுக. டி என்பது டிரைவ், பி என்பது பாதை. விடையின் இறுதியில் பின்சாய்கோடு இருக்கும், மீண்டும் இடவேண்டா.

நிரலின் முதல் வரியில் சிடி கட்டளையுடன் சாய்கோடும் டியும் சேர்த்து, இம்முகவரியை மேற்கோள் குறிக்குள் தருக. சாய்கோட்டு டி இல்லையேல் டிரைவ் மாறாது. மேற்கோள் இல்லையேல் சில குறிகளுள்ள கோப்புறைப் பெயர்கள் இடறும். நிர்வாகி உரிமையுடன் இயக்கும்போது நடப்புக் கோப்புறை சிஸ்டம்32 ஆகிவிடும். அப்போதும் இவ்வரியே காக்கும்.

ஷிஃப்ட் கட்டளை சுழியத்தையும் நகர்த்திவிடும். ஆதலின் அதற்குமுன் முகவரியை ஒரு மாறியில் சேமித்துக்கொள்க. கோப்பு வலையமைப்பின் பொதுக் கோப்புறையில் இருந்து, அதற்கு டிரைவ் எழுத்து வழங்கப்படாதிருப்பின் சிடி பயன்படாது. அங்கே புஷ்டி என்னும் கட்டளை தற்காலிக எழுத்தொன்றை வழங்கி உள்ளே செல்லும். வேலை முடிந்தபின் பாப்டி அதனை விடுவிக்கும்.