விளையாட்டுக் கருவியின் பூட்டு திறக்குமா?

ஐயப்பன்தாங்கலில் பேருந்தேறி, அண்ணா சாலையில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு கடையில் பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவி விற்பனைக்கு இருக்கிறது. "இதிலே உங்க இஷ்டத்துக்கு எந்த புரோகிராமும் போட்டுக்கலாம் தம்பி" என்கிறார் கடைக்காரர். அதை நம்பிச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். அவர் சொல்வது மெய்தானா? ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் அங்கேயே சோதித்தறிய முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு, கருவி எவ்வாறு விழித்தெழுகிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

கருவியை இயக்கியதும் முதலில் எழுவது விளையாட்டு அல்ல. கருவிக்கும் விளையாட்டுக்கும் இடையே நின்று எல்லாவற்றையும் நடத்தி வைக்கும் அடிப்படை நிரல்தான் முதலில் எழுகிறது. இதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். தமிழில் நிலைபொருள் எனலாம். இதை அகற்றி, அல்லது இதன் மேல், ஆர்வலர்கள் எழுதிய வேறொரு நிலைபொருளை ஓட்டுவதையே கருவியை மாற்றுவது என்கிறார்கள். ஸ்விட்சுக்கு இவ்வகையில் பெயர் பெற்றது அட்மாஸ்ஃபியர்.

கம்பெனி இதை எளிதில் விடுமா? செயலிச் சில்லுக்குள்ளேயே, தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் உண்டு. கல்வெட்டுப் போல அதை அழித்து எழுத இயலாது. அது அடுத்த நிரலின் மின்முத்திரையைச் சரிபார்த்த பிறகே அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அந்த நிரல் அதற்கடுத்ததைச் சரிபார்க்கும். இப்படியே ஒரு சங்கிலி. முத்திரை பொருந்தாத நிரலுக்கு உள்ளே இடமில்லை.

2017 மார்ச்சு 3-ஆம் நாள் வெளிவந்த ஸ்விட்சில் இருந்தது என்விடியா கம்பெனியின் டெக்ரா எக்ஸ்1 சில்லு. அதன் கல்வெட்டிலேயே ஒரு பிழை இருந்தது! பழுது பார்ப்பதற்கென்று இச்சில்லில் மீட்பு நிலை ஒன்று உண்டு. அந்நிலையில் யு.எஸ்.பி. கம்பி வழியாகக் கணிப்பொறி ஒன்று, "உன் நிலை என்ன?" என்று கேட்கலாம், பதில் எத்தனை பைட் வேண்டும் என்பதையும் கணிப்பொறியே சொல்லும். சில பைட்டுகளே போதுமான இக்கேள்விக்கு 65,535 பைட் வரை கேட்டாலும், சில்லு மறுக்காமல் அத்தனையையும் அளந்து கொட்டியது. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் பத்துப் படி அரிசியைக் கொட்டினால் என்னவாகும்? வழிந்தது தரையில் சிதறும். இங்கே வழிந்த பைட்டுகள், சில்லு அடுத்து எங்கே போக வேண்டும் என்று குறித்து வைத்திருந்த இடத்தின் மேல் விழுந்தன. அங்கே நாம் விரும்பும் முகவரி விழுமாறு செய்துவிட்டால், முத்திரைச் சோதனை தொடங்கும் முன்பே சில்லு நம் நிரலை ஓட்டத் தொடங்கிவிடும். கேத்தரின் டெம்கின் என்பவர் 2018 ஏப்ரலில் இதை வெளியிட்டார். ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழுவும் இதே பிழையைத் தனியாகக் கண்டிருந்தது.

கல்வெட்டைத் திருத்த முடியாதல்லவா? ஆகவே விற்றுப்போன கருவிகளை இணையம் வழியாகச் சரிசெய்ய நிண்டெண்டோவால் இயலவில்லை. தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன், சில்லிலுள்ள நுண்ணிய ஃபியூசுகளை எரித்து, அவற்றின் வழியே சிறு திருத்தம் சேர்க்க மட்டும் முடிந்தது. 2018-இன் நடுவிலிருந்து அத்தகைய கருவிகள் வரலாயின. வெளித்தோற்றத்தில் வேறுபாடே கிடையாது. நம் சிக்கல் இதுதான்.

முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். எச்.ஏ.சி.-001 என்று மட்டும் இருந்தால் மேலே ஆராயலாம். அதன் பின்னால் -01 என்று ஒட்டியிருந்தால் அது 2019-இல் வந்த, மின்கலம் நெடுநேரம் தாங்கும் வகை. எச்.டி.எச்.-001 என்பது லைட், எச்.இ.ஜி.-001 என்பது 2021-இல் வந்த ஓ.எல்.இ.டி. திரை வகை. இம்மூன்றிலும் புதிய சில்லு, பிழை அடைக்கப்பட்டுவிட்டது. இவற்றை மாற்ற வேண்டுமானால், உள்ளே தனிச் சில்லு ஒன்றைப் பற்றவைத்து, செயலியின் மின்னழுத்தத்தைக் கணநேரம் தடுமாறச் செய்ய வேண்டும். நுண்ணிய பற்றவைப்பில் கைதேர்ந்தவர் வேலை அது.

அடுத்து வரிசை எண். இதற்குரிய பட்டியலை நிண்டெண்டோ தந்ததில்லை. ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கான கருவிகளைச் சோதித்துத் தொகுத்தது. எக்ஸ்.ஏ.டபிள்யூ.1 என்று தொடங்கி, அடுத்த நான்கு இலக்கங்கள் 0073 வரை இருந்தால் பிழையுள்ள பழைய கருவி. 0120-உம் அதற்கு மேலும் திருத்தப்பட்டவை. இடைப்பட்டவை ஐயத்துக்குரியவை. எக்ஸ்.ஏ.ஜே.4 என்று தொடங்கும் ஜப்பானியக் கருவிகளுக்கு ஐயத்துக்குரிய எல்லை ஏறத்தாழ 0046 முதல் 0060 வரை. ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். மேலோட்டை மாற்றிவிட்டால் சீட்டும் மாறிவிடும். அமைப்புகள் பகுதியில் திரையில் காட்டப்படும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐயத்துக்குரிய எண் என்றால் நேரடிச் சோதனைதான். வலப்பக்கத் தண்டவாளத்தின் அடியிலுள்ள 10-ஆவது முனையைத் தரைமுனையோடு இணைக்கும் சிறு கட்டையைச் செருகி, ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தியபடி மின்பொத்தானை அழுத்தினால், திரை கறுப்பாகவே இருக்கும். மீட்பு நிலை வந்துவிட்டது. பலர் இத்துடன் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்! திருத்தப்பட்ட கருவியும் மீட்பு நிலைக்கு வரும். திரையும் அதே கறுப்புத்தான். கம்பி வழியே சோதனை நிரலை அனுப்பி, அது திரையில் ஏதேனும் காட்டுகிறதா என்று பார்த்தால்தான் முடிவு தெரியும்.

நிலைபொருளின் பதிப்பு எண் ஏன் பேச்சில் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பிழை அதற்கும் கீழே, கல்வெட்டில் இருப்பதால் பதிப்பு எதுவாயினும் வழி திறந்தே இருக்கும். சோனியின் பி.எஸ்.பி. கதை வேறு. 2004 திசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அக்கருவியில் பதிப்பே எல்லாமாக இருந்தது. புதுப்பித்தவர்கள் வாய்ப்பை இழந்தார்கள். 2007-இல் வழி மின்கலத்தின் மூலமாக வந்தது. மின்கலத்துக்குள் இருக்கும் வரிசை எண்ணைச் சோனியின் பழுதுபார்ப்போர் பயன்படுத்திய எண்ணாக மாற்றினால், கருவி நினைவட்டையிலிருந்து எழும். பண்டோரா மின்கலம் என்று இதைச் சொன்னார்கள். சோனி பின்னர் தாய்ப்பலகையை மாற்றி இதையும் அடைத்தது. 3000 வரிசையில் இந்த வித்தை பலிக்காது. இன்றோ கடைசிப் பதிப்பான 6.61-இல் எல்லா வரிசைகளையும் மாற்ற முடிகிறது. ஆகவே பழைய பி.எஸ்.பி. வாங்குவோர் இதற்காகக் கூடுதல் விலை தரத் தேவையில்லை.

சட்டத்தையும் பார்த்து விடுவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. தானே எழுதிய நிரலை ஓட்டிப் பார்ப்பது ஒன்று. விலை கொடுக்காத விளையாட்டை ஓட்டுவது மற்றொன்று. நிண்டெண்டோவோ இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. மாற்றப்பட்ட கருவி என்று அறிந்தால் தன் இணையச் சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்கிவிடுகிறது. விற்பவர் ஏற்கெனவே விலக்கப்பட்டதைத்தான் தள்ளிவிடுகிறாரா என்பதை, கடையிலேயே இணையத்தில் இணைத்து நிண்டெண்டோவின் இணையக் கடையைத் திறந்து பார்த்து அறியலாம்.