மூளையின் மொழிப்பகுதிகளைக் கற்பித்தலில் முப்பரிமாணக் கணினிப் படங்கள்

1. சிக்கல்

மொழியியல் பாடநூல்கள் மூளையின் மொழிப்பகுதிகளைப் பெரும்பாலும் ஒரே படத்தின்வழி விளக்குகின்றன. இடப்பக்க மூளையின் வெளித்தோற்றத்தை வரைந்து, முன்மடலில் புரோக்கா பகுதியையும் பொட்டுமடலில் வெர்னிக்கே பகுதியையும் இரு வட்டங்களாகக் காட்டுவது வழக்கம். இப்படம் எளிமையானது, ஆயினும் மொழித்திறன் மூளையின் மேற்பரப்பில் மட்டுமே அமைந்துள்ளது என்னும் தவறான எண்ணத்தை மாணவரிடம் தோற்றுவிக்கிறது. முப்பரிமாணக் கணினிப் படங்கள் இக்குறையை எங்ஙனம் நீக்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. ஒரு சான்று

1861இல் பால் புரோக்கா ஆராய்ந்த லெபோர்ன் என்னும் நோயாளி, பிறர் பேச்சைப் பெரிதும் புரிந்துகொண்டார்; ஆனால் 'டான்' என்னும் ஓரசையையே பெரும்பாலும் ஒலித்தார். அவர் இறந்தபின் புரோக்கா அவரது மூளையின் புறத்தோற்றத்தை ஆராய்ந்து, அதனை அறுக்காமல் பாதுகாத்து வைத்தார். துரோங்கர்சு குழுவினர் அம்மூளையைக் காந்த ஒத்ததிர்வு முறையில் படமெடுத்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். சிதைவு புறணியோடு நில்லாது, பக்கப்பிளவினுள் மறைந்துள்ள 'தீவு' என்னும் பகுதியையும் ஆழத்திலுள்ள நார்க்கற்றைகளையும் தாக்கியிருந்தமை தெரியவந்தது. வெளித்தோற்றம் காட்டாததை ஆழம் காட்டியது எனலாம்.

3. கற்பிக்கும் முறை

கணினித் திரையில் மூளையை எத்திசையிலும் திருப்பலாம். புறணியை ஒளி ஊடுருவுமாறு செய்து உள்ளமைப்பைக் காட்டலாம். முதலில் மாணவர் பக்கப்பிளவைத் தாமே கண்டறிதல் வேண்டும். அடுத்து, புறணியை விலக்கி, வில்வடிவ நார்க்கற்றையைக் காட்டுதல் வேண்டும். கட்டானி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, இக்கற்றையில் இரு மொழிப்பகுதிகளை நேரே இணைக்கும் வழியும், கீழ்ப்பக்கமடல் வாயிலாக இணைக்கும் வழியும் உள்ளன. இறுதியாக, மாணவர் பாடநூற்படத்திற்குத் திரும்பி, அதில் விடுபட்டவற்றைத் தாமே குறித்தல் நன்று.

4. எல்லை

நார்க்கற்றைப் படம் நேரடி நிழற்படம் அன்று. நீர் மூலக்கூறுகள் நார்களின் நீளவாக்கில் எளிதாக நகரும்; அந்நகர்வை அளந்து கணினி வரையும் மதிப்பீடே அப்படம். நார்கள் குறுக்கிடும் இடங்களில் பிழை நேரலாம். செய்தி எத்திசையில் செல்கிறது என்பதையும் அது காட்டாது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை திசைகளைக் குறிக்கும் வழக்குகளேயன்றி நார்களின் இயற்கை நிறங்கள் அல்ல. இவற்றை ஆசிரியர் தொடக்கத்திலேயே கூறாவிடின், ஒரு தவறான படத்தின் இடத்தில் மற்றொன்றை வைத்தவராவார்.