கணினியின் பொது நூலகங்கள்

நூலகம் என்றவுடன் கல்லூரி அலுமாரிகளில் அணிவகுத்து நின்ற புத்தகங்களே பழைய மாணவ அன்பர்க்கு நினைவில் எழும். கணினிக்கும் நூலகங்கள் உண்டு. அவை பல செய்நிரல்களுக்கும் வேண்டிய பணியைப் பொதுவில் நின்று செய்துகொடுக்கும் கட்டளைத் தொகுதிகளாம். வகுப்புக்கு ஓர் அகராதி வாங்காது, ஓர் அகராதியை நூலகத்தில் வைத்து யாவரும் எடுத்தாளுவது போன்றதே இம்முறை. இடமும் மிஞ்சும், பிழையை ஓரிடத்தில் திருத்தினாற் போதும்.

தமிழுக்கு இதன் பயன் பெரிது. ‘கொ’ என்னும் எழுத்தை யுனிகோட் முறையில் ககரமும் அதன்பின் உயிர்க்குறியுமாகவே கணினி சேமிக்கின்றது. கொம்பை முன்னும் அரவைப் பின்னும் நிறுத்தித் திரையில் ஒழுங்குபடுத்துவது ‘ஹார்ப்பஸ்’ என்னும் நூலகம். ‘திறந்த எழுத்து’ எனப் பொருள்படும் பாரசீகத் தொடரிலிருந்து வந்தது அப்பெயர். எழுத்தை ‘ஹர்பு’ என வழங்கும் நம் அயலூர் முஸ்லிம் அன்பர்க்கு இப்பெயர் அந்நியமன்று.

இத்தகைய நூலகத்தை எங்கே வைப்பது? பெரியநீலாவணையில் ஒரு பாடசாலைக் கணினியில் எழுத்துகள் சிதைந்து தோன்றியபோது, வேறொரு கணினியிலிருந்த பழைய பிரதியைக் கொணர்ந்து, முறைமைக்குரிய பிரதியின்மேலேயே பதித்துவிட்டோம். அதை நம்பியிருந்த செய்நிரல்கள் பல திறக்கவே மறுத்தன. மறுநாட் பரீட்சைக்குரிய வினாத்தாளைக் கையால் எழுத நேர்ந்தது. குற்றம் நம்முடையதே.

லினக்ஸ் முறைமையில் இதற்கு வகுத்த நெறி 1994இல் முதன்முதல் வெளியாயிற்று. அதன் மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தது. அதன்படி ‘யூ.எஸ்.ஆர்/லிப்’ என்னும் அடைவு முறைமையை வழங்குவோர்க்கு உரியது. ‘யூ.எஸ்.ஆர்/லோக்கல்/லிப்’ அக்கணினியைப் பராமரிப்போர் தாமாகச் சேர்ப்பவற்றுக்கு உரியது. வெளியிலிருந்து முழுத் தொகுதியாக வரும் செய்நிரல் ‘ஆப்ட்’ அடைவில் தன் நூலகங்களுடன் தனிக்குடித்தனம் நடத்தலாம். ‘லிப்’ எனத் தனியே நின்ற அடைவு, கணினி விழித்தெழ வேண்டிய நூலகங்களுக்கானது. இப்பிரிவினை அவசியமற்றதென உணர்ந்து, பெடோரா 2012இலும், டெபியன் தன் 12ஆம் பதிப்பில் 2023இலும் அதனை ‘யூ.எஸ்.ஆர்/லிப்’உடன் இணைத்தன.

வைத்தால் மட்டும் போதாது. புதிய புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றாவிடின் எவர்க்கும் கிடையாதன்றோ? அவ்வாறே, ‘எல்.டி.கொன்பிக்’ என்னும் கட்டளையால் கணினியின் பதிவேட்டையும் புதுப்பித்தல் வேண்டும்.

‘லோக்கல்’ அடைவில் வைத்த பிரதியும் பிழையாயின் தீங்கு செய்யும். எனினும் அதை நீக்கியவுடன் மூலப்பிரதி பழுதின்றி முன்னிற்கும். ஒரு செய்நிரலுக்கு மட்டுமே வேண்டியதை அதனுடனேயே வைத்தல் நன்று. ஆனால் அதன் குறைகளை அவ்வப்போது திருத்தும் பொறுப்பும் வைத்தவரையே சாரும்.

ஆதலின், இடத்தைத் தெரிதல் என்பது பொறுப்பாளரைத் தெரிதலே. வழங்கியவர் காப்பதை அவரிடம் விடுக. நாம் சேர்ப்பதை நமக்குரிய இடத்தில் வைத்து நாமே காப்போமாக. இதை அன்றே அறிந்திருப்பின், அவ்விரவு முழுதும் விழித்திருந்து வினாத்தாள் எழுதியிரோம்.