ஒளியாண்டும் பெருவெடிப்பும்: ஓர் அருள்பணியாளரின் பங்கு

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதா, பெருவெடிப்பில் தோன்றியதா? பள்ளியில் ஒன்று சொல்கிறார்கள், கோவிலில் வேறொன்று சொல்கிறீர்களே!" நம்மில் பலர் பதில் சொல்லாமல் மழுப்பிவிடுகிறோம். சிலர் அறிவியலையே குறைசொல்லத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் அண்டத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கருத்தை இயற்பியல் வழியாக முன்வைத்தவரே ஒரு கத்தோலிக்க அருள்பணியாளர்தான். அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, முதலில் சில சொற்களை அறிந்துகொள்வோம்.

ஒளியாண்டு என்பதில் 'ஆண்டு' இருப்பதால் அது காலத்தைக் குறிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது தூரம். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கி.மீ. செல்லும். ஓர் ஆண்டில் அது கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு, அதாவது சுமார் 9.46 இலட்சம் கோடி கி.மீ. கதிரவனின் ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது. கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 'பிராக்சிமா சென்டாரி'. அது 4.2 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. இன்று திருமுழுக்குப் பெறும் குழந்தை எல்.கே.ஜி.யில் சேரும் வயதில்தான் அந்த விண்மீனின் இன்றைய ஒளி இங்கு வந்து சேரும்!

கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கூட்டத்தை கேலக்ஸி, அதாவது விண்மீன் மண்டலம் என்கிறோம். நாம் இருப்பது பால்வெளி மண்டலம். அருகிலுள்ள பெரிய மண்டலமான ஆந்திரமேடாவே சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது.

அடுத்த சொல் 'சிவப்புப் பெயர்ச்சி'. இரயில் நம்மைக் கடந்து போகும்போது அதன் ஊதல் ஒலி சட்டென்று தாழ்ந்துவிடுவதைக் கேட்டிருப்போம். விலகிச் செல்லும் பொருளின் ஒளியும் அதுபோல மாறி, நிறமாலையில் சிவப்புப் பக்கமாக நகர்கிறது. தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளியில் இந்த மாற்றம் காணப்பட்டது. ஆனால் அவை வெளியில் ஓடிக்கொண்டிருப்பதாக எண்ணிவிடக் கூடாது. கிறிஸ்மஸ் கேக் அடுப்பில் உப்பும்போது உள்ளே இருக்கும் உலர்திராட்சைகள் தாமாக நகர்வதில்லை, மாவு விரிவதால் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அண்டத்தில் விரிவது வெளிதான்.

இதை 1927இல் கணித்து எழுதியவர் பெல்ஜிய நாட்டு அருள்பணி. ஜார்ஜ் லெமைத்ர். 1923இல் குருப்பட்டம் பெற்றவர், லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருடைய கணக்கு சரி, இயற்பியலைத்தான் ஏற்கமுடியாது என்றார் ஐன்ஸ்டைன். லெமைத்ர் தளரவில்லை. விரியும் அண்டத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் செறிந்திருக்க வேண்டுமே! அதை 1931இல் 'தொடக்க அணு' என்றார். 'பெருவெடிப்பு' என்ற பெயர், இதை ஏற்காத பிரெட் ஹாயில் 1949இல் வானொலியில் சொன்னது. பெயரைக் கேட்டு ஏதோ குண்டு வெடித்ததாக நினைக்கிறோம். மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட நிலையிலிருந்து அண்டம் விரியத் தொடங்கியது என்பதே பொருள். இது நடந்து சுமார் 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ், இந்த அறிவியல் முடிவு படைப்பின் தொடக்கத்திற்குச் சான்று பகர்வதுபோல் பேசினார். நாமாக இருந்தால் மகிழ்ந்திருப்போம். லெமைத்ர் மகிழவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவரது உறுதியான எண்ணம். 1952இல் வானியலாளரிடையே பேசிய திருத்தந்தை அந்தக் கருத்தை மீண்டும் கூறவில்லை. மறைக்கல்வி ஆசிரியர்களான நாமும் இதைக் கவனிக்க வேண்டும். கோட்பாடுகள் நாளை திருத்தப்படலாம். அவற்றின்மேல் பிள்ளைகளின் நம்பிக்கையைக் கட்டினால், அன்று அவர்களுக்கு என்ன சொல்வோம்? தொடக்கநூல் வானியல் பாடநூல் அல்ல என்று சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்?

அடுப்பை அணைத்த பின்னும் கல்லில் சூடு இருப்பதுபோல, தொடக்க கால வெப்பத்தின் மிச்சம் இன்றும் வானெங்கும் பரவியுள்ளது. சுழியத்திற்குக் கீழே 270 டிகிரி என்னும் அளவுக்கு அது குளிர்ந்துவிட்டது. 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் வானொலி அலைவாங்கி ஒன்றில் விடாமல் கேட்ட இரைச்சலின் வழியாக அதைக் கண்டுபிடித்தனர். அந்தச் செய்தி நோய்ப்படுக்கையில் இருந்த லெமைத்ருக்கு எட்டியது. 1966 ஜூன் 20 அன்று அவர் இறந்தார்.