ஆங்கிலக் கூற்றுவினைகளும் மொழிபெயர்ப்பும்

ஆங்கிலத்தின் சே, டெல், ஸ்பீக், டாக் ஆகிய நான்கு வினைகளும் தமிழில் பெரும்பாலும் ‘சொல்’, ‘பேசு’ என்னும் இரண்டனுள் அடங்குகின்றன. இவற்றை வேறுபடுத்தப் பொருளை மட்டுமன்றித் தொடரமைப்பையும் நோக்குதல் வேண்டும்.

‘சே’ செய்தியை முதன்மைப்படுத்தும். கேட்போரைக் குறிக்க அதற்கு ‘டு’ என்னும் முன்னிடைச்சொல் தேவை. ‘டெல்’ அவ்விடைச்சொல் இன்றியே கேட்போரை ஏற்கும். தமிழில் ‘என்னிடம் சொன்னார்’ என்னும் ஒரே அமைப்பு இரண்டிற்கும் பொதுவாதலின், ‘ஹீ செட் மீ’ என்னும் பிழை எளிதில் நேர்கிறது. ‘என்னைப் போகச் சொன்னார்’ என்னும் ஏவற்பொருளுக்கு ‘ஹீ டோல்ட் மீ டு கோ’ என்பதே பொருந்தும். கதை, பொய், உண்மை போன்றவற்றோடு ‘டெல்’ கேட்போர் இன்றியும் வரும்.

ஸ்பீக், டாக் ஆகியவற்றின் எல்லை அத்துணை இறுக்கமானதன்று. மொழிப்பெயரோடு இயல்பாக வருவது ‘ஸ்பீக்’. உரையாடலுக்குப் பெரிதும் வழங்குவது ‘டாக்’.

செயப்பாட்டுவினையில் இவ்வேறுபாடு மிகுதியும் கவனத்திற்குரியது. ‘இட் வாஸ் செட்’ என்பதில் கேட்டவர் எவரெனத் தெரியாது. ‘ஹீ வாஸ் டோல்ட்’ என்பதில் கேட்டவரே எழுவாய். இரண்டையும் ‘கூறப்பட்டது’ என்றே பெயர்த்தால், ஒருவருக்குச் செய்தி தெரிவிக்கப்பட்டதா என்னும் வினாவிற்கான விடை மறைந்துவிடும். நீதிமன்ற ஆவணத்தில் அம்மறைவு வழக்கின் போக்கையே மாற்றக்கூடும். எனவே பின்னதை ‘அவரிடம் தெரிவிக்கப்பட்டது’ எனக் கேட்டவரைச் சுட்டிப் பெயர்த்தலே தக்கது.