வந்த செய்தியும் வராத செய்தியும்



சென்னை மாநகரின் தாகந் தீர்க்கும் ஏரிகளுள் சோழவரம் ஏரியும் ஒன்று. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே வரும் நீர் இங்கே தங்கி, அப்பால் செங்குன்றம் ஏரிக்குச் செல்கிறது. இவ்வேரிக்கரை நெடுகிலும் நீர்மட்டத்தை அளக்கும் சிறு கருவிகளை நட்டு வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு கருவியும் தான் அளந்ததை வானலை வழியே அடுத்த கருவிக்கு அனுப்புகிறது. இறுதியில் மதகருகே உள்ள அறைக்குச் செய்தி போய்ச் சேர்கிறது. இதுவே கம்பியில்லா உணர்கருவி வலை. நள்ளிரவுப் பெருமழையில் இவ்வலையின் எந்தக் கண்ணியை நம்பலாம், எதை நம்பலாகாது? இதனை அறிய மூன்று அளவுகள் உள்ளன.

முதலாவது, சைகையின் வலிமை. இது டெசிபல் கணக்கில், சுழிக்குக் கீழான எண்ணாகக் காட்டப்படும். ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டு கழித்தல் 90 டெசிபல் என்றால், வந்து சேர்ந்த ஆற்றல் ஒரு வாட்டில் லட்சங்கோடியில் ஒரு பங்கு என்பது பொருள். அத்துணை நுண்ணிய ஆற்றலையும் கருவி உணர்கிறது! ஆனால் சந்தைக்கடைக் கூச்சலும் காதுக்கு வலிமையானதுதான். அதில் நண்பரின் சொல் விளங்குகிறதா? இவ்வலைகள் பெரிதும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே வை-ஃபையும் நுண்ணலை அடுப்பும் இயங்குகின்றன. அவற்றின் இரைச்சலும் வலிமைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, இணைப்புத் தர எண். வந்த சைகை எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. 2003-இல் வெளியான 802.15.4 என்னும் பன்னாட்டுத் தரவிதி, இதனைக் கணக்கிடும் முறையைக் கருவி செய்வோரிடமே விட்டுவிட்டது. ஆகவே ஒருவர் செய்த கருவியின் எண்ணை மற்றொருவர் கருவியின் எண்ணோடு ஒப்பிடுதல் பொருந்தாது. இதனினும் பெரிய மயக்கம் ஒன்றுண்டு. வந்து சேர்ந்த செய்திகளுக்கு மட்டுமே இவ்வெண் கிடைக்கும். வழியில் மடிந்தவற்றிற்கு ஏது எண்? மழைநாளில் பள்ளிக்கு வந்து சேர்ந்த மாணவரை மட்டும் கேட்டுப் பாதை நன்றாயிருக்கிறது என்று முடிவு கட்டினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

மூன்றாவது, எளிய எண்ணிக்கை. அனுப்பியவை எத்தனை, சேர்ந்தவை எத்தனை? நூறு செய்திகளில் எண்பது சேர்ந்து, அவற்றிற்கான ஒப்புதல்களில் பாதியே திரும்பி வந்தால், நிறைவேறியவை நாற்பதே. அதாவது ஒரு செய்திக்குச் சராசரியாக இரண்டரை முயற்சி. மின்கலமும் அதற்கேற்ப விரைந்து தீரும்.

இம்மூன்றையும் சேர்த்துப் படிப்பதே அறிவுடைமை. வலிமை குறைந்து செய்தியும் இழந்தால், தூரமோ தடையோ காரணம். அலைவாங்கியை உயர்த்துக, அல்லது இடையே ஒரு கருவியை நடுக. வலிமை மிகுந்திருந்தும் செய்தி இழந்தால், இரைச்சலே பெரும்பாலும் காரணம். அலைவரிசையிலுள்ள 16 தடங்களில் வேறொன்றுக்கு மாறுக. கும்மிடிப்பூண்டியிலுள்ளவை போன்ற தொழிற்கூடங்களிலோ, இரும்புச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதும் உண்டு. அங்கே கருவியைச் சிறிது நகர்த்தினாலே நிலைமை மாறிவிடலாம். ஒரு நாள் அளவு போதாது. வெயிலிலும் மழையிலும் அளந்து பார்க்க வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. மூணாறு மலைச்சரிவில், அந்தோணியார் காலனியில், நிலச்சரிவை முன்கூட்டியே அறிய அமிர்தா பல்கலைக்கழகத்தார் இத்தகைய வலையொன்றை நிறுவினர். 2009-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அது எச்சரிக்கையும் விடுத்தது. அத்தகைய இரவில் மண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தத்தைச் சொல்லும் ஒரு செய்தி சேராவிடில், கீழே உறங்குவோர் அறியமாட்டார்.

ஆகவே கருவி காட்டும் எண்ணைக் கண்டு மகிழுமுன், வராத செய்தி எத்தனை என்று கேளுங்கள். அக்கேள்வியே நல்ல பொறியாளரின் முதற் பாடம்.