சிற்றுருப் பந்தயக் கார்கள்

நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. தேயிலைச் சரிவில் அன்று சீறியேறிய கார்களை இன்று காண்டல் அரிது. அவற்றைச் சிற்றுருவாக அமைத்தல் மாணவர்க்கேற்ற கைவினை என்பது எம் கருத்து.

1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. காரையே கொள்வாம். அதன் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 94 அங்குலம். இருபத்துநான்கில் ஒரு பங்காக்கின் நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். இவ்விகிதம் உறுப்புத்தோறும் பேணப்படல் வேண்டும். பலர் இடறுவது சில்லில். ஆரக்கம்பி தடித்தால் பந்தயக் கார் மாட்டு வண்டியாகிவிடும்! பழுதான மின்சுருளின் மயிரிழைபோன்ற செப்புக்கம்பியே தக்கது.

வண்ணத்தைத் தடிப்பாகப் பூசின் கதவின் விளிம்புக்கோடு மறையும். மெல்லிதாகப் பன்முறை பூசுக. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் மூடுபனி வேளை இதற்கு ஆகாது. காற்றின் ஈரம் உலரும் அரக்குவண்ணத்திற் படிந்து வெண்மை பாயச் செய்யும்.

இவற்றினும் அரியது உண்மையுருவை அறிதல். பந்தயத்துக்கென மட்காப்பைக் கழற்றியும் முன்கண்ணாடியை மடித்தும் ஓட்டுவதுண்டு. ஆகவே, கடையில் வாங்கிய உறுப்புகளை வழிகாட்டித்தாளின்படி ஒட்டினால் கிடைப்பது தொழிற்சாலைக் கார். மலையேறிய கார் அன்று. எந்த ஆண்டில் எக்கோலத்தில் ஓடிற்று என்பதைப் பழைய நிழற்படங்கொண்டு துணிந்த பின்னரே கத்தியை எடுத்தல் முறை. படத்திற் காணாத பக்கத்தை ஊகித்து அமைப்பின், அதனை அடிப்பலகையில் எழுதிவைத்தல் நேர்மை.

பழைய மாணவர் இல்லங்களில் அத்தகைய படங்கள் உளவாயின், கல்லூரி நூல்நிலையத்துக்கு ஒவ்வொரு படி உதவுவாராக.